நீந்தும் பிள்ளைகளின் தோள்களை இழுக்கலாமா?



நம் நாட்டில் 500க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. அவற்றுள் பெரும்பாலானவற்றுக்குச் சொந்த நீச்சல் குளம் என்பது இன்னும் கனவாகவே இருக்கின்றது. இருந்தபோதிலும், பெற்றோர்கள் தம் பிள்ளைகளை நகராண்மைக் கழகக் குளங்களுக்கும் தனியார் நீச்சல் வகுப்புகளுக்கும் அழைத்துச் செல்கின்றனர். மாவட்ட அளவிலான பள்ளிப் போட்டிகளில் நம் மாணவர்களின் பெயர்களைக் கேட்கும்போது மனம் மகிழ்கின்றது. நீச்சல் உயிர்காக்கும் கலை. அதனை ஒவ்வொரு குழந்தையும் கற்க வேண்டும் என்பதில் எனக்கு இருவேறு கருத்து இல்லை.

ஆயினும், போட்டிக்காகப் பயிற்சி பெறும் பிள்ளைகளின் பெற்றோர்கள் என்னிடம் அடிக்கடி எழுப்பும் வினா ஒன்று உண்டு. நீந்துவோருக்குத் தோள் நெகிழ்ந்து கொடுக்க வேண்டுமாமே, அதற்காகச் செய்யப்படும் நீட்சிப் பயிற்சி நன்மை தருமா, தீமை தருமா? நான் மருத்துவன் அல்லன், தமிழாசிரியன். புறப்பாடப் பொறுப்பாசிரியராக மாணவர்களைக் குளத்திற்கு அழைத்துச் செல்பவன் என்ற முறையிலும், இது தொடர்பான ஆய்வுகளைத் தேடிப் படித்தவன் என்ற முறையிலும் என் கருத்தை இங்கு முன்வைக்கின்றேன்.

என் நிலைப்பாட்டைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகின்றேன். நீந்தும் பிள்ளையின் கைகளை இன்னொருவர் பிடித்து இழுத்துத் தோளை நீட்டும் வழக்கம் அறவே நிறுத்தப்பட வேண்டும். எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே வகையான நீட்சிப் பயிற்சியைக் கொடுக்கும் நடைமுறையும் மாற வேண்டும். அளவான, தேவையறிந்த நீட்சிப் பயிற்சியை நான் எதிர்க்கவில்லை. ஆனால், நீந்துவோரின் தோளுக்கு முதலில் வேண்டியது வலிமை. நீட்சி அதற்கு அடுத்த இடத்தில்தான் நிற்கின்றது.

போட்டி நாளில் குளத்தோரம் சென்று பாருங்கள். மாணவன் தரையில் அமர்ந்திருப்பான். அவன் பின்னால் ஒரு நண்பனோ அண்ணனோ பயிற்றுநரோ நின்றுகொண்டு, அவனுடைய இரு கைகளையும் முதுகுக்குப் பின்னால் இழுத்து, இரு மணிக்கட்டுகளும் ஒன்றையொன்று தொடும்வரை அழுத்துவார். பிள்ளை முகத்தைச் சுளித்தால், “வலிச்சாத்தான் நல்லது, பொறுத்துக்கோ” என்பார். ஒரு முறை ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் என்னிடம் வந்து, “ஐயா, கை கழண்டு வர்ற மாதிரி இருக்கு” என்றான். அவனை இழுத்தவரோ, “அப்படின்னா நல்லா லூசாயிடுச்சு” என்று மகிழ்ந்தார். அவர் நல்ல எண்ணத்தோடுதான் செய்தார். அவருக்கும் சிறு வயதில் யாரோ அப்படித்தான் செய்திருப்பார்கள்.

இந்த வழக்கத்துக்கு ஆதரவாக நம்மவர்கள் ஒரு பழமொழியைத் தவறாமல் சொல்வார்கள்: ‘ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?’ தமிழாசிரியன் என்ற முறையில் இதற்கு நான் விடை சொல்லியாக வேண்டும். அந்தப் பழமொழி நல்லொழுக்கத்தையும் பழக்கத்தையும் பற்றியது. எலும்பையும் மூட்டையும் பற்றியதன்று. குழந்தையின் உடல் இயல்பாகவே வளையக்கூடியது. ஐந்திலேயே நன்றாக வளைகின்ற ஒன்றை மேலும் வளைப்பதற்கு அப்பழமொழி சான்றாகாது. பழமொழிதான் வேண்டுமென்றால், ‘அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு’ என்பதே இங்குப் பொருந்தும்.

தோள் மூட்டின் அமைப்பைச் சற்றுப் பார்ப்போம். அறிவியல் பாடத்தில் அதனைப் பந்துக்கிண்ண மூட்டு என்று கற்பிக்கின்றோம். மேற்கை எலும்பின் உருண்டையான தலை பந்து. தோள்பட்டை எலும்பிலுள்ள குழி கிண்ணம். இடுப்பு மூட்டிலும் இதே அமைப்புத்தான். ஆனால், இடுப்பில் கிண்ணம் ஆழமானது. பந்தை நன்கு கவ்விக்கொள்ளும். தோளிலோ கிண்ணம் மிகவும் ஆழமற்றது. ஒரு நேரத்தில் பந்தின் பரப்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோதான் கிண்ணத்தோடு பொருந்தியிருக்கும். கரண்டியின் மேல் எலுமிச்சம்பழம் வைத்து ஓடும் போட்டியை நம் பள்ளி விளையாட்டு விழாக்களில் நடத்துகிறோம் அல்லவா? ஏறக்குறைய அந்த நிலைதான். இதனால்தான் நம் கை எல்லாத் திசைகளிலும் சுழல முடிகின்றது. இதனால்தான் அது எளிதில் நழுவவும் செய்கின்றது.

அந்தப் பந்தைக் கிண்ணத்தில் நிறுத்தி வைப்பவை இரண்டு. ஒன்று, மூட்டைச் சுற்றியுள்ள மூட்டுறையும் எலும்பை எலும்போடு பிணைக்கும் தசைநார்களும். மற்றொன்று, மூட்டைச் சுற்றியுள்ள நான்கு சிறு தசைகளும் அவற்றின் தசைநாண்களும். முன்னது கட்டிய கயிறு போன்றது. பின்னது பிடித்திருக்கும் கை போன்றது. கைகளை முதுகுக்குப் பின்னால் வலிந்து இழுக்கும்போது பெரும் இழுவை மூட்டின் முன்பக்க உறையின் மீதே விழுகின்றது. பயிற்றுநர் தசையை நீட்டுவதாக எண்ணிக்கொண்டிருப்பார். உண்மையில் தளர்வது கட்டிய கயிறு. அது மீண்டும் மீண்டும் இழுபட்டுத் தளர்ந்துவிட்டால், பழைய இறுக்கத்துக்கு எளிதில் திரும்பாது. கயிறு தளரத் தளர, பந்தைப் பிடித்திருக்கும் சிறு தசைகளின் மீது சுமை ஏறுகின்றது.

வளரும் பிள்ளைகளுக்கு இன்னொரு கவனமும் தேவை. மேற்கை எலும்பின் நீள வளர்ச்சியில் ஏறத்தாழ 80 விழுக்காடு, தோளுக்கு அருகிலுள்ள வளர்தட்டிலிருந்தே உண்டாகின்றது. பதின்ம வயதின் பிற்பகுதி வரையில் அந்தத் தட்டு முழுமையாக எலும்பாக மாறியிருக்காது. பெரியவர் ஒருவர் தம் பலத்தைக் காட்டுவதற்கு ஏற்ற இடம் அதுவன்று.

இனி, ஒரு சிறு கணக்கைப் போடுவோம். ஒரு மாணவி 25 மீட்டர் குளத்தில், ஃபிரீஸ்டைல் எனப்படும் எதேச்சைப் பாணியில் ஒரு பயிற்சிக்கு 3 கிலோமீட்டர் நீந்துகிறாள் என்று வைத்துக்கொள்வோம். அது 120 நீளம். ஒரு நீளத்துக்கு ஒவ்வொரு கையையும் 10 முறை சுழற்றினால், ஒரு பயிற்சியில் ஒவ்வொரு தோளும் 1,200 முறை சுழல்கின்றது. வாரம் ஐந்து நாள் என்றால் 6,000 முறை. ஆண்டுக்கு 40 வாரம் என்றால் 240,000 முறை. சற்றே தளர்ந்த மூட்டு ஒரு முறை சுழன்றால் ஒன்றுமில்லை. 240,000 முறை சுழலும்போது அந்தச் சிறு தளர்வுக்கும் விலை உண்டு.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன? நீச்சல் வீரர்களிடம் காணப்படும் தோள்வலிக்கு ‘நீச்சல்காரர் தோள்’ என்று கென்னடி, ஹாக்கின்ஸ் ஆகிய இரு மருத்துவர்கள் 1974ஆம் ஆண்டிலேயே பெயர் சூட்டி எழுதினர். அதன் பின்னர் பல ஆய்வுகள் வந்துள்ளன. அவற்றுள் மூன்றை மட்டும் இங்குக் குறிப்பிடுகின்றேன்.

முதலாவது, 2012ஆம் ஆண்டில் வெளிவந்த ஆஸ்திரேலிய ஆய்வு. போட்டிகளில் நீந்தும் 74 பேரை ஆய்வாளர்கள் 12 மாதங்கள் தொடர்ந்து கவனித்தனர். தோளை வெளிப்புறமாகச் சுழற்றும் அளவு 93 பாகைக்கும் குறைவாக இருந்தவர்களுக்குத் தோள்காயம் ஏற்படும் வாய்ப்பு மிகுதியாக இருந்தது. அதே அளவு 100 பாகையோ அதற்கு மேலோ இருந்தவர்களுக்கும் அவ்வாய்ப்பு மிகுதியாகவே இருந்தது. அதாவது, இறுக்கமும் ஆபத்து. மிகையான நெகிழ்வும் ஆபத்து. இடைப்பட்ட எல்லையோ வெறும் ஏழு பாகை அகலம். பிள்ளை இந்த எல்லையின் எந்தப் பக்கத்தில் இருக்கின்றான் என்பதை அளந்து பாராமல் எல்லாருடைய கைகளையும் இழுப்பது, நோய் இன்னதென்று அறியாமல் வகுப்பு முழுமைக்கும் ஒரே மருந்தைக் கொடுப்பதற்கு ஒப்பாகும்.

இரண்டாவது, 2010ஆம் ஆண்டில் வெளிவந்த மற்றோர் ஆஸ்திரேலிய ஆய்வு. 13 முதல் 25 வயது வரையிலான 80 முன்னணி நீச்சல் வீரர்களை ஆராய்ந்ததில் 91 விழுக்காட்டினர் தோள்வலி உண்டென்றனர். அவர்களுள் 52 பேருக்கு எம்.ஆர்.ஐ. படம் எடுத்தபோது, 69 விழுக்காட்டினரின் தோளின் மேற்பகுதித் தசைநாண் பாதிக்கப்பட்டிருந்தது தெரிந்தது. அந்தப் பாதிப்போடு தொடர்புடையதாக வெளிப்பட்டது வாரத்திற்கு எத்தனை மணி நேரம், எத்தனை கிலோமீட்டர் நீந்தினார்கள் என்பதே. மூட்டின் தளர்வுக்கும் தசைநாண் பாதிப்புக்கும் நேரடித் தொடர்பு அதில் காணப்படவில்லை. இதனை நான் மறைக்க விரும்பவில்லை. நீட்சிப் பயிற்சி ஒன்றே எல்லா வலிக்கும் காரணம் என்று யாராவது சொன்னால் அதுவும் மிகைக்கூற்றே. ஆனால், இந்த ஆய்வு நமக்கு வேறொன்றை உணர்த்துகின்றது. அளவுக்கு மீறிய நீச்சலால் வந்த வலியை, மேலும் இழுத்து நீட்டிப் போக்க முடியாது. சுமையைக் குறைப்பதே வழி.

மூன்றாவது, 2012ஆம் ஆண்டின் அமெரிக்க ஆய்வு. 8 முதல் 77 வயது வரையிலான 236 பெண் நீச்சல் வீராங்கனைகள் அதில் பங்கேற்றனர். சில வயதுப் பிரிவுகளில், வலியுடையோரிடம் நெஞ்சின் சிறு தசை இறுகியிருந்தது; உடலின் நடுப்பகுதித் தசைகளின் தாங்குதிறன் குறைந்திருந்தது; அவர்கள் நீச்சல் தவிர்ந்த பிற விளையாட்டுகளில் ஈடுபடுவதும் குறைவாக இருந்தது. இங்குதான் நீட்சிப் பயிற்சிக்குரிய நியாயமான இடம் தெரிகின்றது. நாள்தோறும் புத்தகப் பையைச் சுமந்தும், மேசையிலும் கைப்பேசியிலும் குனிந்தும் இருக்கும் பிள்ளைகளுக்கு நெஞ்சுத் தசை இறுகுவது இயல்பு. அந்தத் தசையை மென்மையாக நீட்டுவது வேறு. மூட்டின் முன்பக்கத்தை வலிந்து பிளப்பது வேறு.

பந்தயத்துக்குச் சற்று முன்னர் நீண்ட நேரம் அசையாமல் நீட்டிப் பிடிப்பதாலும் பயனில்லை. 2016ஆம் ஆண்டில் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த அறிஞர்கள், ஒரு தசையை 60 வினாடிக்கு மேல் அப்படி நீட்டிப் பிடித்தால் உடனடிச் செயல்திறன் சராசரியாக 4.6 விழுக்காடு குறைவதாகவும், அதற்குக் குறைந்த நேரமாயின் 1.1 விழுக்காடு மட்டுமே குறைவதாகவும் கண்டனர். கைகளை இயல்பாக வீசிச் சுழற்றும் அசைவுப் பயிற்சியால் குறைவு ஏதும் இல்லை; சிறிதளவு முன்னேற்றமே காணப்பட்டது. நூறில் ஒரு பங்கு வினாடியில் பதக்கம் கைமாறும் விளையாட்டில் இது பொருட்படுத்தத் தக்கதே.

இதற்கு எதிராகச் சில பயிற்றுநர்கள் சொல்லும் வாதத்தையும் கேட்போம். “கைகளைத் தலைக்கு மேல் நீட்டி, உடலை அம்புபோல் வைத்துப் பாய வேண்டும். தோள் நெகிழாவிட்டால் அது எப்படி முடியும்?” என்கின்றனர். நியாயமான கேள்வி. அந்த நிலைக்கு ஓரளவு நெகிழ்வு கட்டாயம் வேண்டும். ஆனால், பிள்ளைக்கு அது ஏற்கெனவே இருக்கின்றதா என்று முதலில் பார்த்தோமா? பிள்ளையை முழங்கால் மடக்கி மல்லாந்து படுக்கச் சொல்லுங்கள். இடுப்பு தரையைவிட்டு எழும்பாமல், இரு கைகளையும் காதோரமாக மேலே கொண்டுபோய்க் கட்டை விரல்கள் தரையைத் தொடுமாறு வைக்க முடிந்தால், பெரும்பாலும் அந்தப் பிள்ளைக்குப் போதிய நெகிழ்வு இருக்கின்றது என்று கொள்ளலாம். அதற்கு மேல் இழுத்துப் பெறப்போவது ஒன்றுமில்லை.

இன்னொரு வாதம், உலக வீரர்களைக் காட்டுவது. மைக்கல் ஃபெல்ப்ஸ் பந்தயத்துக்கு முன்னர்த் தம் நீண்ட கைகளை வீசி முதுகில் அடித்துக்கொள்வதைத் தொலைக்காட்சியில் எல்லாரும் கண்டிருக்கின்றோம். 2016 ரியோ ஒலிம்பிக்கில் 100 மீட்டர் வண்ணத்துப்பூச்சிப் பாணியில் அவரை முந்தி, 50.39 வினாடியில் தங்கம் வென்ற சிங்கப்பூரின் ஜோசப் ஸ்கூலிங் நம் பிள்ளைகளுக்குப் பெரும் ஊக்கம். ஆனால், உச்சிக்குச் சென்றவர்களின் உடல் அமைப்பைப் பார்த்து, அதனை இழுப்பதன் மூலம் உண்டாக்கிவிடலாம் என்று எண்ணுவது பிழை. கூடைப்பந்தாட்ட வீரர்கள் உயரமானவர்கள் என்பதற்காகப் பிள்ளையின் காலைப் பிடித்து நாம் இழுப்பதில்லை.

மேலும், சில பிள்ளைகளுக்குப் பிறப்பிலேயே மூட்டுகள் மிகையாக நெகிழும். கட்டை விரலை வளைத்து முன்கையைத் தொடுவார்கள். முழங்கையைப் பின்பக்கமாக வளைப்பார்கள். வகுப்பில் நண்பர்களுக்கு வேடிக்கை காட்டுவதும் இவர்களே. நீச்சலில் இவர்கள் தொடக்கத்தில் எளிதாக முன்னேறுவதும் உண்டு. இத்தகைய பிள்ளைகளுக்குத் தோள் நீட்சிப் பயிற்சி சிறிதும் தேவையில்லை. வலிமைப் பயிற்சியே தேவை. ஆனால், நடைமுறையில் நடப்பது என்ன? நன்றாக வளைவதால் இவர்களையே முன்னால் நிறுத்தி, “இவளைப் போல் செய்யுங்கள்” என்று மற்றவர்களுக்குக் காட்டுகின்றோம்.

இங்கு மொழியாசிரியர்கள் செய்யக்கூடிய பணி ஒன்று உண்டு. பயிற்றுநர் “வலிக்கிறதா?” என்று கேட்டால் பிள்ளை “ஆம்” அல்லது “இல்லை” என்று மட்டும் சொல்கின்றது. தமிழில் வலியைக் குறிக்க எத்தனை சொற்கள்! இழுவை, கடுப்பு, குடைச்சல், குத்தல், மரத்துப்போதல், நழுவல் எனப் பல உள்ளன. தசையின் நடுவில் தோன்றி, விட்டவுடன் மறையும் மெல்லிய இழுவை அச்சத்துக்குரியதன்று. பயிற்சிக்கு மறுநாள் தசையில் தோன்றிச் சில நாளில் அடங்கும் கடுப்பும் அத்தகையதே. ஆனால், மூட்டின் முன்பக்கத்தில் குத்தல், இரவில் உறக்கத்தைக் கெடுக்கும் குடைச்சல், விரல்வரை மரத்துப்போதல், மூட்டு நழுவுவது போன்ற உணர்வு ஆகியவை தோன்றினால் பயிற்சியை நிறுத்தி மருத்துவரிடம் காட்ட வேண்டும். இச்சொற்களின் வேறுபாட்டை வகுப்பில் கற்பிக்க அரை மணி நேரம் போதும். அந்த அரை மணி நேரம் ஒரு பிள்ளையின் தோளைக் காக்கக்கூடும்.

அப்படியானால் என்னதான் செய்வது? நீரில் இறங்குமுன் மெல்லோட்டம், கைகளை இதமாகச் சுழற்றுதல், பின்னர் நீரில் மெதுவாகச் சில நீளங்கள் நீந்துதல் ஆகியவை உடலைச் சூடேற்றப் போதுமானவை. வாரத்துக்கு இரண்டு மூன்று நாள், ரப்பர் பட்டையை இழுத்துத் தோளை வெளிப்புறமாகச் சுழற்றும் பயிற்சி, தோள்பட்டை எலும்புகளைப் பின்னுக்கு இழுக்கும் பயிற்சி, முன்கையை ஊன்றி உடலைப் பலகைபோல் நிறுத்தும் பயிற்சி ஆகியவற்றை முறையறிந்தவரிடம் கற்றுச் செய்யலாம். நீட்சி வேண்டுமாயின் நீந்தி முடித்த பின்னர், பிள்ளை தானாகவே, வலியில்லாத எல்லைவரை, 20 அல்லது 30 வினாடி செய்யட்டும். சுருட்டிய துண்டை முதுகெலும்பின் நீளவாட்டில் வைத்து அதன்மீது படுத்து, கைகளைப் பக்கவாட்டில் தளரவிட்டால் நெஞ்சுத் தசை இதமாக நீளும். தன் கையைத் தானே மறுகையால் மார்புக்குக் குறுக்கே அணைத்துக்கொள்வது தோளின் பின்பக்கத்துக்கு நல்லது.

வலி தோன்றினால் முதலில் தூரத்தைக் குறையுங்கள். கையில் மாட்டும் துடுப்புகளைக் கழற்றி வையுங்கள். மிதவைப் பலகையை நீட்டிய கைகளால் பிடித்துக் காலடிப்பது தோளை அழுத்துமாதலால், அதனைத் தவிர்த்து மல்லாந்து காலடிக்கச் சொல்லுங்கள். சில நாளில் குறையாவிட்டால் பிசியோதெரபி எனப்படும் இயன்முறை மருத்துவரை நாடுங்கள். எந்தப் பகுதி இறுக்கம், எந்தப் பகுதி தளர்ச்சி என்று அளந்து சொல்லக்கூடியவர் அவர்தாம். ஆண்டில் சில மாதங்கள் பூப்பந்தோ காற்பந்தோ ஓட்டமோ ஆட விடுங்கள், நீச்சல் கெட்டுவிடாது.

பெற்றோர்களே, பயிற்றுநரிடம் இதைப் பற்றிப் பேசத் தயங்காதீர்கள். “ஐயா, என் பிள்ளையின் கையை யாரும் பின்னால் இழுக்க வேண்டாம், வேண்டிய நீட்சியை அவளே செய்துகொள்வாள்” என்று பணிவாகச் சொன்னால் நல்ல பயிற்றுநர் எவரும் வருந்த மாட்டார். ஆசிரியர்களே, போட்டிக்கு மாணவர்களை அழைத்துச் செல்லும்போது குளத்தோரத்தில் நடப்பதையும் ஒரு கண் பாருங்கள். ஒரு பிள்ளை மற்றொரு பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்தால், அந்த இடத்திலேயே தடுத்துவிடுங்கள்.

ஆறாம் ஆண்டில் பதக்கம் பெற்ற பிள்ளை, இடைநிலைப்பள்ளிக்குச் சென்ற பின்னர்த் தோள்வலியால் நீச்சலையே கைவிடுவது பெரும் இழப்பு. அவர்கள் பத்து வயதில் எவ்வளவு வளைகின்றார்கள் என்பதைவிட, நாற்பது வயதிலும் வலியின்றி நீந்துகின்றார்களா என்பதே நமக்கு முக்கியமாக இருக்கட்டும்.

அன்புடன்,
உங்கள் தமிழாசிரியன்